ஒரே தொட்டி, மூன்று பிஎச் அளவு: எதை நம்புவது?

பாலக்கோடு_தொட்டி · ஞாயிறு, இரவு 9.40

வணக்கம். பாலக்கோட்டில் இருந்து எழுதுகிறேன். என்னிடம் இருப்பது இரண்டடித் தொட்டி, ஏறக்குறைய 60 லிட்டர். எட்டு மாதமாக கப்பியும் மோலியும் நன்றாக இருக்கின்றன, குட்டியும் போடுகின்றன. போன மாதம் ஆசைப்பட்டு சென்னை கொளத்தூரில் இருந்து 12 நியான் டெட்ரா வரவழைத்தேன். இரவு பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். காலையில் தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் போய் வாங்கினேன். பையில் பன்னிரண்டும் உயிரோடுதான் இருந்தன. பையைப் பிரித்து, தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி ஒரு மணி நேரம் பழக்கித்தான் உள்ளே விட்டேன். அன்று மாலைக்குள் 7 செத்துவிட்டன. மறுநாள் இன்னும் 3. மீதி இரண்டும் ஒரு மூலையில் நிறம் வெளுத்துப்போய் நிற்கின்றன. மனசே சரியில்லை.

பழைய மீன்கள் எல்லாம் நன்றாகவே இருப்பதால் தண்ணீரின் பிஎச் (அமிலமா காரமா என்று சொல்லும் எண்) மேல்தான் சந்தேகம் வந்தது. சோதித்துப் பார்த்தால் குழப்பம் இன்னும் கூடிவிட்டது.

டிப் செய்யும் ஸ்ட்ரிப்: 7க்குப் பக்கம் காட்டுகிறது.
சொட்டு மருந்து கிட்: எப்போது பார்த்தாலும் 7.6. காலை, மாலை, தண்ணீர் மாற்றிய பிறகு, எல்லா நேரமும் அதே 7.6.
ஆன்லைனில் வாங்கிய பேனா மீட்டர்: முதலில் 8.9, அரை மணி கழித்து 8.6.

வீட்டில் போர் தண்ணீர்தான், 420 அடி. ஒகேனக்கல் தண்ணீர் குடிக்க மட்டும் பிடிப்போம். இந்த மூன்றில் எதை நம்புவது? புதிதாக ஒன்று வாங்க வேண்டுமென்றால் எதை வாங்கலாம்? ஏமாறாமல் ஒரே தடவையில் வாங்கிவிட நினைக்கிறேன்.

காவேரிப்பட்டணம்_கோல்டு · ஞாயிறு, இரவு 10.15

தம்பி, எட்டு வருடமாக கோல்டு ஃபிஷ் வளர்க்கிறேன். ஸ்ட்ரிப் மட்டும்தான் வைத்திருக்கிறேன், ஒரு குறையும் இல்லை. பாட்டிலில் இருந்து எடு, முக்கு, நிறம் பார். பேனா மீட்டர் எல்லாம் கல்லூரி லேபுக்கு. வீட்டுத் தொட்டிக்கு எதற்கு?

ஓசூர்_செடித்தொட்டி · ஞாயிறு, இரவு 11.05

கடை பக்கம் போவதற்கு முன்னால் மூன்று விஷயம் பார்த்துச் சொல்லுங்கள்.

ஒன்று, சொட்டு கிட்டோடு வந்த நிற அட்டையில் கடைசி நிறம் எந்த எண்? என் சந்தேகம் அதில்தான் இருக்கிறது. காலையும் மாலையும் ஒரே எண் காட்டினால், தண்ணீர் மாறவில்லை என்று முடிவு கட்டிவிட முடியாது. கிட் அதற்கு மேல் காட்டவே முடியாத இடத்தில் நின்றிருக்கலாம்.

இரண்டு, பேனா மீட்டரை எந்த பஃபரில் (பிஎச் தெரிந்த கரைசல்) முக்கி கேலிபரேட் செய்தீர்கள், அதாவது எண்ணைச் சரிசெய்தீர்கள்?

மூன்று, ஸ்ட்ரிப் பாட்டில் எங்கே இருக்கிறது, எப்போது திறந்தது?

பாலக்கோடு_தொட்டி · திங்கள், காலை 7.10

அண்ணா, அட்டையை இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். 6.0இல் மஞ்சளாகத் தொடங்கி 7.6இல் நல்ல நீலத்தோடு முடிகிறது. அதற்கு மேல் நிறமே இல்லை! இத்தனை நாள் இதைக் கவனிக்கவே இல்லை.

பேனா மீட்டரை வாங்கியதும் மூடியைத் திறந்து அப்படியே முக்கினேன். கேலிபரேட் எதுவும் செய்யவில்லை. பெட்டியில் இரண்டு சின்னப் பாக்கெட் பவுடர் இருந்தது. என்னவென்று தெரியாமல் எங்கேயோ போட்டுவிட்டேன். ஸ்ட்ரிப் பாட்டில் சமையலறை ஜன்னலில் இருக்கிறது, போன தீபாவளிக்கு வாங்கியது.

ஓசூர்_செடித்தொட்டி · திங்கள், காலை 7.50

அப்படியென்றால் உங்கள் தண்ணீர் 7.6 இல்லை, 7.6 அல்லது அதற்கு மேல். 7.8 ஆக இருந்தாலும் 8.5 ஆக இருந்தாலும் அந்த மருந்து அதே நீலத்தைத்தான் தரும். நம் ஊர் போர் தண்ணீருக்கு இந்தக் கிட்டைத் தனியாக வாங்கினால் பெரும்பாலும் இதுதான் நடக்கும். ஹை ரேஞ்ச் என்று இன்னொரு மருந்து வருகிறது. அது 7.4இல் இருந்து 8.8 வரை காட்டும். காவிக்கும் பழுப்புக்கும் நடுவே தொடங்கி ஊதா வரை போகும். உதாரணத்துக்கு ஏபிஐ கம்பெனி கிட்டில் சாதா மருந்து 5 மில்லி தண்ணீருக்கு 3 சொட்டு, ஹை ரேஞ்ச் 5 சொட்டு. இரண்டையும் மாற்றிப் போட்டுவிட்டால் எண் தப்பாக வரும். அதனால் பாட்டில் மேலேயே ஸ்கெட்சில் எழுதி வையுங்கள்.

கிருஷ்ணகிரி_டீச்சர் · திங்கள், இரவு 8.30

மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் எடுக்கிறேன், வீட்டில் மூன்று தொட்டி. இந்தக் கேள்வியை நிறைய பேர் என்னிடம் நேரில் கேட்டிருக்கிறார்கள், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

6.0 முதல் 7.6 வரை காட்டும் மருந்தில் இருப்பது புரோமோதைமால் புளூ என்ற நிறங்காட்டி. அமிலப் பக்கம் மஞ்சள், காரப் பக்கம் நீலம், நடுவில் பச்சை. ஒவ்வொரு நிறங்காட்டியும் ஒரு குறுகிய இடைவெளிக்குள்தான் நிறம் மாறும். அந்த இடைவெளியைத் தாண்டிவிட்டால் அத்தனை மூலக்கூறும் நீல வடிவத்துக்குப் போய்விடும். மேற்கொண்டு மாற எதுவும் மிச்சம் இருக்காது. உங்கள் கிட் பழுதானது இல்லை, உங்கள் தண்ணீருக்குப் பொருந்தாதது.

பிஎச் என்பது மடக்கை அளவு. 7க்கும் 8க்கும் உள்ள வித்தியாசம் பத்து மடங்கு. 7.6 என்று நினைத்துக்கொண்டிருந்த தண்ணீர் 8.3 ஆக இருந்தால் ஹைட்ரஜன் அயனியின் அளவு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான். முக்கால் புள்ளி கூட இல்லையே என்று தள்ளிவிட முடியாது.

பேனா மீட்டரை யாரும் இளக்காரமாகப் பார்க்க வேண்டாம், கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் வேண்டாம். அதன் நுனியில் இருப்பது மெல்லிய கண்ணாடிக் குமிழ். அந்தக் கண்ணாடியின் உள்ளும் புறமும் உண்டாகும் மின்னழுத்த வித்தியாசத்தைத்தான் எண்ணாக மாற்றிக் காட்டுகிறது. குமிழ் காய்ந்துவிட்டால் அளவு நிலைக்காது. 8.9இல் இருந்து 8.6க்கு இறங்கியதே, அது காய்ந்த குமிழ் மெல்ல ஈரம் பிடிப்பதாக இருக்கும். அப்புறம், பிஎச் தெரிந்த ஒரு கரைசலைக் காட்டி "இதுதான் 6.86" என்று சொல்லிக்கொடுக்காத வரை மீட்டருக்கு எதுவும் தெரியாது. பெட்டியில் வந்த அந்தப் பவுடர்தான் பஃபர். அது தொலைந்தால் மீட்டரில் பாதி தொலைந்த மாதிரி.

செய்ய வேண்டியது இதுதான். குமிழை ஓர் இரவு பொட்டாசியம் குளோரைடு சேமிப்புக் கரைசலில் ஊற வையுங்கள். அது கிடைக்காவிட்டால் பிஎச் 4 பஃபர் போதும். டிஸ்டில்டு தண்ணீரில் மட்டும் ஊற வைக்காதீர்கள், குமிழுக்கு உள்ளே இருக்கும் உப்பை அது வெளியே இழுத்துவிடும். பஃபர் கேப்ஸ்யூல் கல்லூரிகளுக்கு லேப் சாமான் கொடுக்கும் கடைகளில் கிடைக்கும். எத்தனை மில்லி தண்ணீரில் கரைக்க வேண்டும் என்று டப்பாவிலேயே இருக்கும். கரைப்பதற்கு டிஸ்டில்டு தண்ணீர் வேண்டும், இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றுகிறோமே, அதே தண்ணீர்தான். உங்கள் தண்ணீர் காரப் பக்கம் இருப்பதால் 6.86, 9.18 இரண்டிலும் கேலிபரேட் செய்யுங்கள். அளக்கப்போகும் எண் அந்த இரண்டுக்கும் நடுவில் விழ வேண்டும். 4ஐ மட்டும் வைத்துக் கேலிபரேட் செய்து 8ஐ அளப்பது சரிவராது.

ஒரு கரைசலில் இருந்து எடுத்து அடுத்ததில் முக்கும் முன் குமிழைக் கழுவி, டிஷ்யூ பேப்பரால் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். பயன்படுத்திய பஃபரைத் திரும்ப பாட்டிலில் ஊற்றாதீர்கள். 9.18 பஃபர் காற்றில் உள்ள கார்பன் டை ஆக்சைடை இழுத்து மெல்ல இறங்கிவிடும், அதனால் அன்றன்றைக்குப் புதிதாக ஊற்றி எடுப்பது நல்லது. வெயில் நாளில் 30 டிகிரி இருந்தால் அதன் உண்மை மதிப்பே 9.14தான். தொட்டி வேலைக்கு அவ்வளவு நுணுக்கம் தேவையில்லை, தெரிந்துகொள்ளுங்கள் என்று சொல்கிறேன்.

காவேரிப்பட்டணம்_கோல்டு · திங்கள், இரவு 9.20

டீச்சர், அப்படியென்றால் ஸ்ட்ரிப் வேலைக்கே ஆகாதா? என் கோல்டு ஃபிஷ் எட்டு வருடமாக உயிரோடு இருக்கிறதே.

கிருஷ்ணகிரி_டீச்சர் · திங்கள், இரவு 9.45

ஆகும் அண்ணா, கேட்கும் கேள்வியைப் பொறுத்தது. "ஏதாவது பெரிதாக மாறிவிட்டதா?" என்று பார்க்க ஸ்ட்ரிப் போதும். "8.0 ஆ, 8.4 ஆ?" என்று கேட்டால் அதனால் சொல்ல முடியாது. உங்கள் கோல்டு ஃபிஷ் 7இல் இருந்து 8 வரை எதிலும் நன்றாக இருக்கும், அதனால் அந்த நுணுக்கம் உங்களுக்குத் தேவைப்படவே இல்லை. பாட்டிலை ஈரக் கையோடு திறக்காமல், மூடியை இறுக்கி, உலர்ந்த அலமாரியில் வையுங்கள். பாலக்கோட்டுத் தம்பியின் பாட்டில் சமையலறை நீராவியிலேயே ஒரு வருடம் இருந்திருக்கிறது. அந்த 7ஐ நான் கணக்கிலேயே எடுக்க மாட்டேன்.

பள்ளி லேபில் இருக்கும் பிஎச் தாளைக் கொண்டுபோகலாமா என்று மாணவர்கள் கேட்பார்கள். அது முழு எண்ணாகத்தான் காட்டும். செம்பருத்திச் சாறும் அப்படித்தான், பாடம் நடத்த அருமையானது, தொட்டிக்கு உதவாது.

அரூர்_ஃபைட்டர் · செவ்வாய், மாலை 6.00

நான் ஃபைட்டர் மட்டும் வளர்க்கிறேன், நாட்டு பாதாம் இலை போடுவேன். தண்ணீர் டீ டிகாக்‌ஷன் நிறத்தில் இருக்கும். அதில் சொட்டு மருந்து போட்டால் மஞ்சளா பச்சையா என்றே பிடிபடாது. அதனால்தான் பேனாவுக்கு மாறினேன். இலையோ மரக்கட்டையோ போடுகிறவர்கள் இதை மனதில் வையுங்கள்.

ஓசூர்_செடித்தொட்டி · செவ்வாய், மாலை 6.40

அதற்கு ஒரு வழி இருக்கிறது. அதே தொட்டித் தண்ணீரை மருந்து சேர்க்காமல் இன்னொரு குழாயில் எடுத்து, அதை நிற அட்டை முன்னால் பிடித்து அதன் வழியாக அட்டையின் நிறத்தைப் பாருங்கள். பக்கத்தில் மருந்து போட்ட குழாய் வெள்ளைத் தாளுக்கு முன்னால். இரண்டிலும் ஒரே பழுப்பு கலந்திருப்பதால் ஒப்பிட முடியும். பகல் வெளிச்சத்தில் பாருங்கள், மஞ்சள் பல்பின் கீழ் எந்த எண்ணும் சரியாக வராது.

அப்புறம், சிலர் டிடிஎஸ் பேனாவை வாங்கிவிட்டு பிஎச் மீட்டர் என்று நினைக்கிறார்கள். ஆர்ஓ மெஷின் பொருத்த வருகிறவர் கையில் இருப்பது அதுதான். அது தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று மட்டும் சொல்லும், அமிலமா காரமா என்று சொல்லாது.

பென்னாகரம்_தொட்டி · செவ்வாய், இரவு 8.15

எனக்கும் இதே மாதிரிதான் ஒரு குழப்பம். போர் மோட்டார் போட்டதும் குழாயில் பிடித்துப் பார்த்தால் 7.2, அதே தண்ணீர் தொட்டியில் 8.2. தொட்டியில் சுண்ணாம்புக் கல் எதுவும் இல்லை, கிருஷ்ணகிரி பக்கத்து கிரானைட் ஜல்லியைக் கழுவித்தான் போட்டிருக்கிறேன்.

கிருஷ்ணகிரி_டீச்சர் · செவ்வாய், இரவு 9.00

கிரானைட் மேல் பழி போடாதீர்கள். அது தண்ணீரை மாற்றாது. சந்தேகம் இருந்தால் கல் மேல் எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள். பளிங்குச் சில்லு, கிளிஞ்சல், பவள மணல் என்றால் நுரை வரும், கிரானைட்டில் வராது.

காரணம் காற்றுதான். ஆழத்தில் இருந்து வரும் தண்ணீரில் கார்பன் டை ஆக்சைடு நிறைய கரைந்திருக்கும், அது பிஎச்சைக் கீழே அழுத்தி வைத்திருக்கும். மேலே வந்து காற்றுப்பட்டதும் அது வெளியேறும், பிஎச் ஏறும். எனவே போர் தண்ணீரைக் குழாயடியில் அளக்காதீர்கள். ஒரு பக்கெட்டில் பிடித்து ஏர் ஸ்டோன் போட்டு 24 மணி நேரம் கழித்து அளங்கள். உங்கள் மீன் வாழப்போவது அந்த எண்ணில்தான். நீங்கள் எந்த விலையுயர்ந்த மீட்டர் வைத்திருந்தாலும், தண்ணீரை எப்போது எடுத்தீர்கள் என்பது தப்பானால் அளவும் தப்புதான்.

செடி நிறைய இருந்தால் இன்னொன்று. இரவெல்லாம் செடியும் மீனும் கார்பன் டை ஆக்சைடை விடும், காலையில் பிஎச் குறைவு. பகலில் செடி அதை எடுத்துக்கொள்ளும், மாலையில் அதிகம். ஒரே நேரத்தில் அளந்தால்தான் இந்த வாரத்தையும் போன வாரத்தையும் ஒப்பிட முடியும்.

அரூர்_ஃபைட்டர் · புதன், காலை 6.30

எனக்கு பிஎச்சை விட கேஎச் முக்கியம் என்று தோன்றுகிறது. வருடத்துக்கு நாலு தடவை பிஎச், மாதம் ஒரு தடவை கேஎச்.

கிருஷ்ணகிரி_டீச்சர் · புதன், இரவு 8.50

பாதி ஒத்துக்கொள்கிறேன். கேஎச் என்பது கார்பனேட் கடினத்தன்மை, தண்ணீரின் பிஎச்சைப் பிடித்து நிறுத்தும் சக்தி. தொட்டியில் அமோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியா தினமும் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். மழைத் தண்ணீரோ ஆர்ஓ தண்ணீரோ ஊற்றுகிறவர்களுக்கு அது தீர்ந்த நாளில் பிஎச் சரசரவென்று விழும். கேஎச் சோதனை எளிது, சொட்டு சொட்டாகப் போட்டு நிறம் மாறும் வரை எண்ண வேண்டும். ஏபிஐயில் ஒரு சொட்டு ஒரு டிகிரி, அதாவது லிட்டருக்கு ஏறக்குறைய 17.9 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட் அளவு.

நம் பக்கத்து நிலத்தடி நீரில் பைகார்பனேட் அதிகம். இங்கே பல ஊர்களில் ஃபுளூரைடு பிரச்சினை இருப்பதற்கும் அதற்கும் தொடர்பு உண்டு, அப்படிப்பட்ட காரத் தண்ணீரில்தான் பாறையில் உள்ள ஃபுளூரைடு எளிதாகக் கரைகிறது. அதற்காகத்தானே 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. எனவே போர் தண்ணீர் ஊற்றுகிற நம் தொட்டிகளில் பிஎச் திடீரென்று விழுவது அபூர்வம். பாதாம் இலை போட்டு மென்மையான தண்ணீரில் வளர்க்கிற நீங்கள்தான் பிஎச்சை அடிக்கடி பார்க்க வேண்டியவர்!

பாலக்கோடு_தொட்டி · அடுத்த ஞாயிறு, இரவு 8.20

எல்லோருக்கும் நன்றி. ஒரு வாரம் சொன்னபடியே செய்தேன்.

ஹை ரேஞ்ச் மருந்து வாங்கினேன். பஃபர் கேப்ஸ்யூல் சேலத்தில் ஒரு லேப் சாமான் கடையில் கிடைத்தது, பத்து பத்தாக இரண்டு டப்பா. மீட்டரை ஓர் இரவு ஊற வைத்து, கேலிபரேட் செய்யும் முன் 6.86 பஃபரில் முக்கிப் பார்த்தேன். 7.2 காட்டியது. இத்தனை நாளும் கூடுதலாகவே காட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

கேலிபரேட் செய்த பிறகு:
போர் தண்ணீர், பிடித்த உடனே: 7.3
அதே தண்ணீர், ஏர் ஸ்டோனோடு ஒரு நாள் கழித்து: 8.3
தொட்டி, காலை 6 மணி: 8.2
தொட்டி, மாலை 6 மணி: 8.3
ஹை ரேஞ்ச் சொட்டு மருந்து, தொட்டித் தண்ணீரில்: 8.2க்கும் 8.4க்கும் நடுவே
கேஎச்: 14 சொட்டு

மீட்டரும் மருந்தும் முதல் தடவையாக ஒரே இடத்தில் வந்து நின்றபோது அவ்வளவு நிம்மதி. ஆனால் டெட்ரா செத்ததற்கு இதுதான் காரணமா? ஒரு மணி நேரம் பழக்கித்தானே விட்டேன்?

ஓசூர்_செடித்தொட்டி · அடுத்த ஞாயிறு, இரவு 9.10

சொல்வதற்குக் கஷ்டமாக இருக்கிறது, அந்த ஒரு மணி நேரமே காரணமாக இருந்திருக்கலாம்.

இரவு முழுக்கப் பைக்குள் மீன் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. கார்பன் டை ஆக்சைடு சேர்ந்து பைத் தண்ணீரின் பிஎச் இறங்கியிருக்கும். கழிவில் இருந்து அமோனியாவும் சேர்ந்திருக்கும், ஆனால் பிஎச் குறைவாக இருந்ததால் பெரும்பகுதி விஷம் குறைந்த அமோனியம் வடிவத்தில் இருந்திருக்கும். 25 டிகிரியில், பிஎச் 7இல் மொத்தத்தில் ஒரு சதவீதம்கூட விஷ அமோனியா இல்லை. 8இல் அது 5 சதவீதம், 8.3இல் ஏறக்குறைய 10 சதவீதம். பையைத் திறந்ததும் காற்றுப்பட்டு பிஎச் ஏறத் தொடங்கும். அதில் 8.3 தண்ணீரை நீங்கள் ஊற்ற ஊற்ற, அதே பைக்குள் இருந்த அமோனியா விஷமாக மாறியிருக்கும். மீன் அதிலேயே ஒரு மணி நேரம் நின்றிருக்கிறது. அதோடு மென்மையான தண்ணீரில் இருந்து வந்திருந்தால் உப்பு வித்தியாசமும் சேர்ந்து அடித்திருக்கும்.

நீண்ட பயணம் வந்த பையைப் பிரிக்காமல் தொட்டியில் 20 நிமிடம் மிதக்க விட்டு வெப்பத்தை மட்டும் சமமாக்குங்கள். பிறகு பிரித்து, வலையில் எடுத்து உடனே மாற்றிவிடுங்கள். பைத் தண்ணீர் ஒரு சொட்டு கூடத் தொட்டிக்குள் வேண்டாம். வாங்கும் முன் விற்கிறவரிடம் அவர் தண்ணீரின் பிஎச், டிடிஎஸ் கேளுங்கள். உங்கள் எண்ணுக்கும் அவர் எண்ணுக்கும் ரொம்ப வித்தியாசம் என்றால் அந்த மீனை வாங்காதீர்கள். 8.3க்கு கப்பி, மோலி, பிளாட்டி, மலாவி சிக்லிட் எல்லாம் சந்தோஷமாக இருக்கும்.

பிஎச் டவுன் மருந்து மட்டும் ஊற்றாதீர்கள். 14 கேஎச் உள்ள தண்ணீரில் இன்று இறங்கியது நாளை திரும்ப ஏறும். மீன் அந்த ஏற்ற இறக்கத்தில்தான் சாகும்.

பென்னாகரம்_தொட்டி · அடுத்த ஞாயிறு, இரவு 9.40

ஆர்ஓ தண்ணீரைக் கலந்து குறைக்கலாமா? என் மீட்டரை ஆர்ஓ தண்ணீரில் முக்கினால் எண் நிற்கவே மாட்டேன் என்கிறது.

கிருஷ்ணகிரி_டீச்சர் · அடுத்த ஞாயிறு, இரவு 10.05

நிற்காது. ஆர்ஓ தண்ணீரில் அயனிகள் மிகக் குறைவு, மீட்டருக்குப் பிடிமானம் கிடைக்காது. காற்றில் இருந்து இழுக்கும் கார்பன் டை ஆக்சைடே அதைக் கீழே கொண்டுபோய்விடும், முழுக்கத் தூய தண்ணீர்கூடக் காற்றுப்பட்டால் 5.6 பக்கம் வரும். ஆர்ஓவைத் தனியாக அளக்காமல், போர் தண்ணீரோடு கலந்து, ஒரு நாள் காற்று விட்ட பிறகு அளங்கள். பாதிக்குப் பாதி கலந்தால் கேஎச் பாதியாகும், பிஎச் பாதியாகாது, கொஞ்சம்தான் இறங்கும்.

ஒரு தடவையாவது முழுப் பரிசோதனை வேண்டுமென்றால் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டப் பரிசோதனைக் கூடத்தில் கட்டணம் கட்டிக் கொடுக்கலாம். காரத்தன்மை, கடினத்தன்மை, ஃபுளூரைடு எல்லாம் எழுத்தில் கிடைக்கும். பாட்டிலைக் காற்று இடைவெளி இல்லாமல் விளிம்பு வரை நிரப்பிக் கொண்டுபோங்கள்.

பாலக்கோட்டுத் தம்பிக்கு: இனி புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். ஹை ரேஞ்ச் சொட்டு மருந்தை முதன்மையாக வையுங்கள், அதற்குக் கேலிபரேஷன் தேவையில்லை, காலாவதித் தேதி மட்டும் பாருங்கள். மீட்டர் சந்தேகம் தீர்க்க. முக்கியமான அளவு எடுக்கும் அன்று 6.86இல் முக்கிப் பார்த்துவிட்டு எடுங்கள். குமிழுக்கு ஒன்றிரண்டு வருடம்தான் ஆயுள்.

பாலக்கோடு_தொட்டி · அடுத்த ஞாயிறு, இரவு 10.30

சரி டீச்சர், அப்படியே செய்கிறேன். மீதி இரண்டு டெட்ராவும் இன்று காலையில் இருந்து தீனி எடுக்கின்றன, நீலக் கோடு திரும்ப வந்திருக்கிறது. அவற்றுக்குத் துணையாக வேறு டெட்ரா வாங்கப் போவதில்லை. ஓசூர் அண்ணாவிடம் ஆர்ஓ கலந்த சின்னத் தொட்டி இருந்தால் கொண்டுவந்து கொடுத்துவிடுகிறேன்.

பஃபர் கேப்ஸ்யூல் இரண்டு டப்பாவிலும் ஒவ்வொன்றுதான் கரைத்தேன். மீதி ஒன்பது ஒன்பது அப்படியே இருக்கிறது. தர்மபுரி, பாலக்கோடு பக்கம் மீட்டர் வைத்திருக்கிறவர்கள் கேட்டால் தருகிறேன், காசு வேண்டாம்.

ஓசூர்_செடித்தொட்டி · அடுத்த ஞாயிறு, இரவு 10.45

இருக்கிறது, என் செடித் தொட்டி 6.8இல் ஓடுகிறது, அங்கே ஏற்கெனவே 15 நியான் இருக்கின்றன. கொண்டு வாருங்கள், ஆனால் 8.3இல் இருந்து நேராக விட முடியாது, இரண்டு மூன்று நாள் தனி டப்பாவில் வைத்துத் தண்ணீரை மெல்ல மாற்ற வேண்டும். நான் பார்த்துக்கொள்கிறேன்.

காவேரிப்பட்டணம்_கோல்டு · திங்கள், காலை 6.15

தம்பி, எனக்கு 6.86இல் இரண்டு, 9.18இல் இரண்டு எடுத்து வை. மகன் ஒரு பேனா மீட்டர் வாங்கிக் கொடுத்து ஒரு வருடமாகப் பெட்டியிலேயே கிடக்கிறது. புதன்கிழமை தர்மபுரி வருகிறேன், பஸ் ஸ்டாண்டில் பார்க்கலாம்.